அலையும் எண்ணெயும் மின்சாரமும்

கடற்கரையில் அரை மணி நேரம் அமர்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும், இத்தனை வலிமையும் வீணாகப் போகின்றதே என்னும் எண்ணம் ஒரு முறையேனும் தோன்றாமல் இராது. இந்த எண்ணம் புதியதன்று. 1799-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் ழிரார் என்னும் குடும்பப் பெயருடைய தந்தையும் மகனும், அலையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஆலைகளையும் மரம் அறுக்கும் வாள்களையும் இயக்கும் திட்டம் ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். கரையில் நிறுத்திய பெருநெம்புகோல் ஒன்றை, மிதக்கும் கப்பலோடு பிணைத்துவிட்டால் கப்பல் உயரும்போதும் தாழும்போதும் வேலை நடக்கும் என்பது அவர்களுடைய யோசனை. அதன் பிறகு இத்துறையில் பெறப்பட்ட உரிமைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. எனினும், காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் நம் வீட்டு விளக்கை எரிக்கும் இந்நாளிலும், அலை மின்சாரம் சோதனைக் களத்தைத் தாண்டவில்லை. இது ஏன்? அலையைப் பிடிப்பதில் மனிதன் தோற்றானா? இல்லை, பிடித்துவிட்டான். பிடித்ததை மின்னாக்கியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியிலேதான் தொல்லை இருக்கிறது.

அலையின் வலிமையைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஆழ்கடலில் மூன்று மீட்டர் உயரமுள்ள அலைகள் எட்டு விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன எனக் கொள்வோம். அந்த அலைமுகத்தின் ஒவ்வொரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ 35 கிலோவாட் ஆற்றலைச் சுமந்து வருகிறது. நம் வயல்களில் கிணற்று நீர் இறைக்கும் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு நான்கு கிலோவாட்டுக்கும் குறைவாகவே தேவை. ஆகவே, இரு கைகளை விரித்தால் அடங்கிவிடும் அந்த ஒரு மீட்டருக்குள் ஒன்பது மோட்டார்கள் ஓடத்தக்க ஆற்றல் இருக்கிறது. இனி மற்றொரு நாளைப் பார்ப்போம். புயல் அடிக்கிறது, அலை பத்து மீட்டர் உயர்கிறது, பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக வருகிறது. அலையின் உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது விதி. அன்று அதே ஒரு மீட்டரில் வருவது 35 கிலோவாட் அன்று; 600 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. அலை இயந்திரம் செய்பவன், சாதாரண நாளின் வரும்படியைக் கொண்டு பிழைக்கவும் வேண்டும். பிரளய நாளுக்கு ஈடுகொடுக்கும்படி வீடு கட்டவும் வேண்டும். இந்த ஒரு நெருக்கடியே இத்துறையில் பலரைக் கடனாளியாக்கியிருக்கிறது.

வலிமை ஒருபுறம் இருக்க, வேகத்தைக் கவனியுங்கள். எட்டு விநாடிக்கு ஓர் அலை என்றால் நிமிடத்துக்கு ஏழு அல்லது எட்டு ஏற்ற இறக்கங்கள். சாதாரண மின்னாக்கியோ நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல விரும்புவது. அன்றியும், அலையோடு ஏறி இறங்கும் பொருள் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. பள்ளத்திலும் ஒரு கணம் நிற்கிறது. ஒவ்வோர் அலையிலும் இரு முறை ஆற்றல் அறவே இல்லாமற் போய், மீண்டும் பொங்கி எழுகிறது. ஓர் அலையைப் போல் மற்றோர் அலை வருவதுமில்லை. யானையின் பலமும் ஆமையின் நடையும் குழந்தையின் நிலையின்மையும் ஒன்றுசேர்ந்த இந்தச் சக்தியை, விநாடிக்கு ஐம்பது அதிர்வு என்று ஓர் அணுவும் பிசகாமல் ஓடவேண்டிய மின்சாரமாக மாற்றவேண்டும். பற்சக்கரங்களைக் கொண்டு வேகத்தைப் பெருக்கலாமே என்று கேட்கலாம். சில விநாடிக்கு ஒரு முறை திசை மாறும் இத்தகைய பெருவிசையில் பற்கள் நெடுநாள் தாங்குமாறு செய்வது எளிதன்று. ஆகவேதான் பொறியியல் வல்லுநர் பலர் ஒரு திரவத்தைத் தூது அனுப்பினார்கள்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஹைட்ராலிக். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் நெடுநாள் தொல்லை கொடுத்ததுண்டு. நான் கலைப் பட்டதாரி. அகராதியை நம்பி, ‘நீரியல்’ என்று ஒரு முறை எழுதிவிட்டேன். பிறகு தில்லியில் ஒரு மோட்டார் பணிமனையில், ஜாக்கியின் கைப்பிடியை ஒரு சிறுவன் விளையாட்டுப்போல் அழுத்த, முழுக் கார் ஒன்று தரையைவிட்டு எழுந்ததைக் கண்டேன். உள்ளே இருப்பது நீர்தானே என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு துளியைத் தொட்டுக் காட்டினான், எண்ணெய்! அன்று முதல் ‘திரவ அழுத்த முறை’ என்றே எழுதிவருகிறேன். கிரேக்க மொழியில் இச்சொல்லின் முன்பாதி நீரையும் பின்பாதி குழலையும் குறிக்கும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்தில் வாழ்ந்த தெசிபியஸ் என்பவர் செய்த நீர்க்குழல் வாத்தியத்தோடு பிறந்த பெயர் அது. அவ்வாத்தியத்தில் நீர் இசைக்கவில்லை, இசைப்பது காற்றுத்தான். உந்துதண்டு விட்டுவிட்டுத் தள்ளும் காற்றின் அழுத்தத்தைத் தன் எடையால் ஒரே சீராக வைத்திருப்பது மட்டுமே நீரின் வேலை. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

திரவ அழுத்தத்தின் அடிப்படை விதியைப் பதினேழாம் நூற்றாண்டில் கூறியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். சிறிய உந்துதண்டை ஒருவன் அழுத்த, அதைப்போல் ஐம்பது மடங்கு பரப்புள்ள பெரிய உந்துதண்டு ஐம்பது மடங்கு விசையோடு எழும். ஆனால் ஐம்பதில் ஒரு பங்கு தூரமே எழும். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இவ்விதியைக் கொண்டே தம் அழுத்தப்பொறியைச் செய்தார். நம் ஜாக்கியும் காரின் பிரேக்கும் மண் தோண்டும் இயந்திரமும் அதன் வழித்தோன்றல்களே. அலை இயந்திரத்தில் வேலை தலைகீழாக நடக்கிறது. கடல் என்னும் பெரிய கை, உந்துதண்டை மெல்ல, ஆனால் எதிர்க்க முடியாத பலத்தோடு தள்ளுகிறது. உருளைக்குள் அடைபட்ட எண்ணெய் மிகுந்த அழுத்தத்தோடு குழாய் வழியே வெளியேறுகிறது. அலை ஏறும்போது ஒரு பக்கத்து எண்ணெயும், இறங்கும்போது மறுபக்கத்து எண்ணெயும் வெளிப்படும். வால்வுகள் இவ்விரண்டையும் ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. அந்த எண்ணெய் ஒரு மோட்டாருக்குள் புகுந்து அதைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியைச் சுழற்றுகிறது.

இவ்வளவில் திசை மாறும் தொல்லை தீர்ந்தது. விட்டுவிட்டு வரும் தொல்லை தீரவில்லை. அதற்குரிய மருந்துதான் அழுத்தச் சேமக்கலம். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் மூச்சு வாங்கும்போது சுருதி நிற்பதில்லை. கன்னத்தில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுக்கும் அந்த நொடியில் கன்னத்துக் காற்றைச் சீவாளிக்குள் செலுத்துகிறார். சேமக்கலம் அந்தக் கன்னமே. உறுதியான எஃகுக் குப்பி ஒன்றில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கும். அலை உந்தும்போது மிகுதியான எண்ணெய் அக்குப்பிக்குள் புகுந்து வாயுவை நெருக்கும். அலை ஓயும்போது வாயு விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மோட்டார் தான் பாட்டுக்கு ஓடும். தில்லியில் குழாய்த் தண்ணீர் காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் வரும் பேட்டைகளில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மொட்டைமாடித் தொட்டி இருப்பதால்தானே நண்பகலில் முகம் கழுவுகிறோம்? தெசிபியஸின் வாத்தியத்தில் நீர் செய்த வேலையும் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் கதவுகளையும் பாரந்தூக்கிகளையும் இயக்குவதற்காக, வானளாவிய கோபுரம் ஒன்றைக் கட்டி அதன்மேல் நீர்த்தொட்டி அமைத்தார்கள். 1852-இல் முடிந்த அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆயின், வில்லியம் ஆர்ம்ஸ்டிராங் என்னும் பொறியியலாளர், உருளை ஒன்றின் உந்துதண்டின்மேல் பெரும்பாரத்தை ஏற்றிவைத்தே அதே அழுத்தத்தைப் பெறலாம் எனக் காட்டியதும், கோபுரம் கட்டும் தேவை ஒழிந்தது. அலை இயந்திரத்துக் குப்பி, பாரத்துக்குப் பதிலாக வாயுவை வைத்துக்கொண்டிருக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

கேட்பதற்கு எல்லாம் தீர்ந்துவிட்டதுபோல் தோன்றும். இங்கேதான் ஸ்டீபன் ஸால்டர் வருகிறார். 1973-இல் எண்ணெய் விலை ஏறி மேல்நாடுகள் கலங்கிய காலத்தில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸால்டர் காய்ச்சலில் படுத்திருந்தாராம். சோர்ந்து கிடப்பதைவிட இந்த எரிபொருள் நெருக்கடியைத் தீர்க்கும் வழியைப் பாருங்களேன் என்றாராம் மனைவியார். ஸால்டர் பின்னாளில் தாமே சொன்ன கதை இது. 1974-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் அலைச் சக்தியைப் பற்றி எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. கூர்மையான மூக்கோடு நீரில் தலையாட்டும் அவருடைய கருவிக்கு ‘வாத்து’ என்று பெயர் வழங்கலாயிற்று. சோதனைத் தொட்டியில் அதன் சிறு மாதிரி, வந்த அலையின் ஆற்றலில் 80 சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிட்டது. வாத்துக்குப் பின்னால் நீர் ஏறத்தாழ அசைவற்றுக் கிடந்தது. ஆனால் விழுங்கியதைச் செரிக்கும் வயிறு எங்கே? அக்காலத்துத் திரவ அழுத்த மோட்டார்கள் முழுப் பளுவில் ஓடும்போது நன்றாகவே உழைத்தன. பளு குறைந்தாலோ, கசிவிலும் உராய்விலும் வரவின் பெரும்பகுதியை அவையே தின்றுவிட்டன. அலையோ பெரும்பாலான நேரம் தன் உச்ச வலிமையில் இருப்பதில்லை. பெரிய விருந்துக்காக வாங்கிய அண்டாவில் நாள்தோறும் இருவருக்குச் சமைப்பது போன்ற நிலைமை இது. அரிசி வேகும்; விறகுக்குக் கட்டாது.

ஸால்டரும் அவருடைய குழுவினரும் புதிய வழி கண்டார்கள். மோட்டாரின் உருளைகள் ஒவ்வொன்றின் வால்வையும் கம்ப்யூட்டர் தனித்தனியே ஆளும். வேண்டாத உருளை அழுத்தமின்றிச் சும்மா அசையும். வேண்டியது மட்டும் உழைக்கும். பளு குறைந்தால் உழைக்கும் உருளைகளின் எண்ணிக்கை குறையுமேயன்றித் திறன் அவ்வளவாகக் குறையாது. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் அலை ஆராய்ச்சிக்கான பொருளுதவியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. வாத்து முழு உருவில் கடலைக் காணவே இல்லை. ஆனால் அந்த மோட்டார் பிழைத்துக்கொண்டது. 1994-இல் அதற்கென எடின்பரோ அருகே ஒரு நிறுவனம் எழுந்தது. 2010-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, பெரிய காற்றாலை ஒன்றில் பற்சக்கரப் பெட்டிக்குப் பதிலாக அதே முறையைப் பொருத்திச் சோதித்தது. அலைக்காகக் கண்டுபிடித்தது காற்றுக்குப் போயிற்று. ஸால்டர் 2024-இல் காலமானார்.

வாத்துக்கு வாய்க்காத கடல், ஒரு பாம்புக்கு வாய்த்தது. 1998-இல் எடின்பரோவில் ரிச்சர்ட் யெம் என்பவர் தொடங்கிய நிறுவனம் ‘பெலாமிஸ்’ என்னும் இயந்திரத்தைச் செய்தது. பெலாமிஸ் என்பது மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்புக்கு விலங்கியலார் முன்பு இட்டிருந்த பெயர். நம் இந்து மகா சமுத்திரத்திலும் வாழும் பாம்புதான் அது. இயந்திரத்தின் நீளம் 120 மீட்டர். குறுக்களவு மூன்றரை மீட்டர். நான்கு எஃகுக் குழாய்களை மூட்டுகளால் இணைத்தாற்போன்ற தோற்றம். மூக்கை அலைக்கு நேரே நீட்டிக்கொண்டு, பாதி நீரில் அமிழ்ந்து மிதக்கும். அலை அதன் உடல் வழியே ஊர்ந்து செல்லும்போது குழாய்கள் ஒன்றையொன்று மேலும் கீழும் பக்கவாட்டிலும் மடக்கும். அந்த மடக்கத்தை மூட்டிலுள்ள உருளைகள் எதிர்த்து நின்று எண்ணெயை அழுத்தும். சேமக்கலம், மோட்டார், மின்னாக்கி எல்லாம் மூட்டுப் பெட்டிக்குள்ளேயே அடக்கம். பெட்டிக்கு 250 கிலோவாட்டாக மூன்று பெட்டிகளில் 750 கிலோவாட். எண்ணெய் கசிந்தால் கடலுயிர்க்குக் கேடு விளையாதிருக்க, எளிதில் மக்கிப்போகும் திரவத்தையே பயன்படுத்தினார்கள். பெரும்புயலில் இது என்ன செய்யும்? அலையோடு மல்லுக்கு நிற்காது. மெலிந்த உடலாதலால் அலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து மறுபுறம் வரும். நான் மேலே சொன்ன பிரளய நாளுக்கு இதைவிடச் சாமர்த்தியமான விடையை நான் படித்ததில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் 2003-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கடற்சக்திச் சோதனை நிலையத்தில், 2004-இல் பெலாமிஸ் மின்சாரத்தைப் பொது மின்வலைக்குள் செலுத்தியது. நடுக்கடலில் மிதக்கும் அலை இயந்திரம் ஒன்று நாட்டு மின்வலைக்கு மின்சாரம் கொடுத்தது உலகில் அதுவே முதல் முறை. 2008 செப்டம்பரில் போர்ச்சுக்கலின் வடகரையில் அகுசதோரா என்னும் ஊருக்கு அப்பால் மூன்று பெலாமிஸ்கள் வரிசையாக மிதந்தன. மொத்தம் 2250 கிலோவாட். உலகின் முதல் அலைப் பண்ணை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. இரண்டே மாதத்தில் அவை துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்டன. எண்ணெய் முறை கெட்டதா என்றால், இல்லை. மூட்டுகளின் பேரிங்குகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்ந்தன. அது பழுதுபார்க்கக் கூடியதே. ஆனால் அதே மாதங்களில் உலகப் பண நெருக்கடி மூண்டது. திட்டத்தில் பெரும்பங்கு கொண்டிருந்த ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம் நிலைகுலைந்தது. பாம்புகள் கடலுக்குத் திரும்பவில்லை. 180 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் தலைமுறைப் பாம்புகள் இரண்டு பின்னர் ஆர்க்னியில் ஓடின. எனினும் 2014 நவம்பரில் நிறுவனம் கடன்காரர் கைக்குப் போயிற்று. அதன் அறிவுச் சொத்தை ஸ்காட்லாந்து அரசாங்கம் புதிதாக அமைத்த நிறுவனம் ஒன்று வாங்கிக் காத்துவைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கடலோடு போராடிக் கற்ற பாடம் பழைய இரும்போடு இரும்பாக விலை போகாமல் தப்பியது ஓர் ஆறுதல்.

எண்ணெயை நடுக்கடலில் வைத்துக்கொண்டு ஏன் திண்டாடவேண்டும் என்று எண்ணியவர்களும் உண்டு. பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக் கழகத்தின் டிரெவர் விட்டாக்கர் குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்த ‘ஆய்ஸ்டர்’, அதாவது சிப்பி, கரையோரக் கடலடியில் கீல் பூட்டி நிறுத்திய பெரிய கதவு. அலைக்கு முன்னும் பின்னும் அது அசையும்போது உந்துதண்டுகள் எண்ணெய்க்குப் பதிலாக நீரையே அழுத்திக் குழாய் வழியே கரைக்கு அனுப்பும். கரையில், மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் உள்ளது போன்ற பெல்டன் டர்பைன் அந்நீரின் வேகத்தால் சுழலும். மின்சாரப் பகுதி முழுவதும் உலர்ந்த நிலத்தில். பழுதானால் தொழிலாளி நடந்துபோய்த் திருத்தலாம். 2009-இல் 315 கிலோவாட் ஆய்ஸ்டரும், பின்னர் 26 மீட்டர் அகலமுள்ள 800 கிலோவாட் ஆய்ஸ்டரும் ஆர்க்னியில் இயங்கின. கடலுக்கு அடியில் இருந்த பகுதியோ அடிக்கடி பராமரிப்புக் கேட்டது. அமைதியான நாள் வாய்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2015-இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

நம் நாட்டின் முயற்சி திரவத்தை நாடவில்லை, காற்றை நாடியது. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில் 1991-இல் அமைத்த 150 கிலோவாட் நிலையத்தில், கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, அறையிலுள்ள காற்று மேலே உள்ள டர்பைனைச் சுழற்றியது. கடல்நீருக்குள் அசையும் உறுப்பு ஒன்றுமே இல்லை என்பது அதன் பெருமை. ஆனால் காற்றுக்கு எண்ணெயைப் போன்ற சேமக்கலம் இல்லாமையால், அலையின் ஏற்றத்தாழ்வு அப்படியே மின்சாரத்தில் தெரிந்தது. நம் கரைகளில் சராசரி அலைவலிமை மீட்டருக்கு 5 முதல் 10 கிலோவாட் அளவே என்பதும் கருதத்தக்கது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடல் இதைப்போல் பல மடங்கு வலியது. அந்த நிலையம் பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் பயன்பட்டது. இப்போது அது இயங்கவில்லை.

இன்றைய நிலை என்ன? எண்ணெய் முறையைக் கைவிடாதவர்கள் அதைக் கரைக்கு ஏற்றிவிட்டார்கள். இஸ்ரேல் நாட்டின் யாஃபா துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவரின்மேல் கீல் பூட்டிய மிதவைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவை ஏறி இறங்கும்போது சுவரோரத்து உருளைகள் திரவத்தை அழுத்த, சேமக்கலமும் மோட்டாரும் மின்னாக்கியும் கரையில் ஒரு சிறு கொட்டகையில் இயங்குகின்றன. 100 கிலோவாட் அளவுள்ள அந்நிலையம் 2023-இல் மின்வலையோடு இணைந்தது. புயல் வந்தால் மிதவைகளை மேலே தூக்கி நிறுத்திவிடுவார்கள். மழை வரும்போது கொடியில் உலரும் துணியை எடுத்துவிடுவது போல.

அகுசதோராவின் கடலும் வெறுமையாக விடப்படவில்லை. 2023-இல் ஸ்வீடன் நாட்டார் ஒருவகை மிதவையை அங்கே நங்கூரமிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் புயலில் 18 மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் அதன்மேல் எழுந்தன, மிதவை தாங்கியது. மூன்று பாம்புகள் மிதந்த அதே கரைக்கு அப்பால் நின்ற அந்த மிதவைக்குள், ஆற்றலை மின்னாக்கிக்குக் கொண்டுசேர்ப்பது எண்ணெய் அன்று. அழுத்திய காற்றின் துணையோடு சுழலும் பற்சக்கரங்கள். பல பற்கள் பளுவை ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளுமாறு அவற்றை அமைத்திருக்கிறார்கள்.